குடை பிடித்த குரங்கின் வயது

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்கு மோட்டார் போட்டு 5.25க்கு நிறுத்தினேன். எங்கள் தொட்டி நிரம்ப இருபது நிமிடம். இருபத்தொன்றாவது நிமிடம் தண்ணீர் எதிர்வீட்டு வாசலில் ஓடும், அந்த வீட்டம்மாவுக்கு நான் அரைமணி நேரம் பதில் சொல்ல வேண்டும். 6.10க்கு நான்கு இட்லி, மிளகாய்ப்பொடி. 7.00 முதல் 7.40 வரை துவைத்த துணிகளை மடித்தேன். 8.00 மணிக்கு அடுத்த தெரு அச்சகத்தில் தாள் வெட்டும் மிஷின் ஓட ஆரம்பித்தது. 8.30க்கு முன்னறையைத் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, மேசை நாட்காட்டியில் முந்தைய நாளைக் கிழித்தேன்.

சிவகாசியில் இந்த முன்னறைதான் என் அலுவலகம். வெளியூரில் போய் என்ன வக்கீல் என்று கேட்டால், அறிவுசார் சொத்துரிமை என்பேன். உடனே நாற்காலி போடுவார்கள். உள்ளூரில் நான் லேபிள் வக்கீல். இங்கே பட்டாசு ஒரு கட்டடத்தில் செய்வார்கள், அதற்குப் பெட்டி இன்னொரு கட்டடத்தில், பெட்டிமேல் ஒட்டும் படம் மூன்றாவது கட்டடத்தில். முதல் இரண்டு கட்டடங்களில் தகராறு வந்தால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். படத்தில் தகராறு என்றால் என்னிடம் வருவார்கள். என் அலமாரியில் அந்த வருடம் இருபத்திரண்டு வழக்குக் கட்டுகள் இருந்தன. அத்தனையும் மிருகங்கள், பறவைகள். அகர வரிசையில் அடுக்கியிருப்பதால் ஒட்டகத்துக்கும் கரடிக்கும் நடுவில் எதுவும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் குரங்கு விசாரணைக்கு வருகிறது. அதற்கு வழக்குக் கட்டைத் தயார் செய்வதுதான் அன்றைய வேலை.

குரங்கின் கதை இது. விஸ்வநத்தம் பக்கம் சங்குசக்கரம் செய்யும் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் என் கட்சிக்காரர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். அவருடைய பெட்டியில் குரங்கு ஒன்று குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மழை பெய்தாலும் சக்கரம் சுற்றும் என்பது அதன் பொருளாம். அவருடைய தங்கையின் கணவர் முன்பு அதே கம்பெனியில் கூட்டாளியாக இருந்தவர். ஆறு வருடங்களுக்கு முன் பிரிந்துபோய் நாரணாபுரத்தில் தனியாகத் தொழில் ஆரம்பித்தார். அவர் பெட்டியிலும் ஒரு குரங்கு வந்தது. அது குடையை மடக்கி அக்குளில் வைத்திருந்தது.

நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்கு அவருடைய வக்கீல் இப்படிப் பதில் எழுதியிருந்தார்: 'எங்கள் குரங்கு குடையை மடக்கி வைத்துள்ளது. விரித்த குடைக்கும் மடக்கிய குடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொதுமக்கள் நன்கு அறிவார்கள்.'

நான் இரண்டு குரங்குகளையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். வால் இங்கே 3.2 சென்டிமீட்டர், அங்கே 3.1. இரண்டுக்கும் தெரிகிற பல் ஏழு. ஏழு பல் மட்டும் தெரியும்படி இரண்டு ஓவியர்கள் தனித்தனியாக ஒரு குரங்கை வரைய வாய்ப்பே இல்லை என்று மனுவின் பதினோராவது பத்தியில் எழுதினேன். அந்தப் பத்தியில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த மாதிரி வழக்கில் பல்லை எண்ணினால் மட்டும் போதாது. யார் முதலில் பயன்படுத்தினாரோ அவருக்குத்தான் குரங்கு. அண்ணாச்சி 1994 தீபாவளிக்கே குரங்கு போட்டதாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். நீதிமன்றம் நம்ப ஆதாரம் வேண்டும். ஆகவே ஜூலை மாதம் அவரிடம் சொன்னேன்:

"அந்தக் காலத்துப் பெட்டி ஒண்ணு வேணும் அண்ணாச்சி. தொண்ணூத்தி நாலுல போனது."

அண்ணாச்சி யோசித்தார். "எத்தன வேணும்?" என்றார்.

இந்தக் கேள்வியிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய பெட்டியைத் தேடுகிறவர் கிடைக்குமா என்றுதான் கேட்பார், எத்தனை என்று கேட்கமாட்டார். நான் விழிக்கவில்லை. "ரெண்டு இருந்தாப் போதும்," என்றேன்.

நான்காம் நாள் இரண்டு பெட்டிகள் வந்தன. பழுப்பேறி, ஓரம் தேய்ந்து, கீழே '1994' என்ற சிறிய எழுத்தோடு. அன்றைய என் நாட்குறிப்பில் 'பெட்டி 2. நல்ல பழசு. லேசாக டீ வாசம். நான் குடித்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். ஒன்றை ஆவணம் எண் 3 என்று நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். இன்னொன்றை என் வழக்குக் கட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆவணம் 3-ஐத் திருப்பித் திருப்பிப் பார்த்த நீதிபதி, நாரணாபுரத்துக் குரங்குப் பெட்டிகள் வெளியே போகக் கூடாது என்று இடைக்காலத் தடை கொடுத்தார். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில். சீசன் சூடு பிடிக்கிற நேரத்தில். அன்றிலிருந்து தங்கை கணவரின் லோடு எல்லாம் குடோனிலேயே நின்றது. 13ஆம் தேதி விசாரணை அந்தத் தடையை நீட்டிப்பதா, நீக்குவதா என்பதற்கு.

இப்போது 12ஆம் தேதி காலை 9.40. பெட்டி உருவத்தில் இருந்தால் வழக்குக் கட்டு மூடவில்லை என்பதால், என்னிடமிருந்த பெட்டியைத் தட்டையாக்கிப் பிளாஸ்டிக் உறையில் போட நினைத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டுகிற மடிப்பு ஒன்று இருக்கும். நான் அதைத் தொட்டதுமே விட்டுக்கொண்டது. முப்பது வருடப் பசை இறுகிக் கல்லாகியிருக்கும், இப்படி விடாது. மடிப்பின் உட்புறம் பளீரென்று வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு கியூஆர் கோடு.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டேன். அப்போதும் இருந்தது.

என்னிடம் பதினெட்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருப்பவரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. போனில் எதையும் பயமில்லாமல் அழுத்துவார். மடிப்பைப் பார்த்தார். போனை எடுத்து ஸ்கேன் செய்தார். வாட்ஸ்அப் திறந்தது. 'வணக்கம். உங்கள் அச்சுத் தேவைக்கு எங்களை அணுகியதற்கு நன்றி. காலண்டருக்கு 1 அழுத்தவும். பட்டாசு லேபிளுக்கு 2 அழுத்தவும்.'

நான் தடுப்பதற்குள் அவர் இரண்டை அழுத்திவிட்டார்.

"ஏண்ணே அழுத்தினீங்க?"

"கேட்டாக, அழுத்தினேன். லேபிள்தான மேடம் இது."

தொண்ணூற்று நான்கில் இந்த ஊரில் போன் இருந்த வீடுகளையே விரல் விட்டு எண்ணலாம். குரங்கின் வாலை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்த நான், பல்லை எண்ணிய நான், ஒட்டு மடிப்பைப் பிரித்துப் பார்க்கவில்லை. குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"இதுக்கு என்ன மேடம். லேசாப் பசை தடவி ஒட்டிட்டாப் போச்சு. கோர்ட்டுல இருக்க பெட்டியும் ஒட்டித்தான இருக்கு. நம்ம ஊர்ல பசைக்கா பஞ்சம்?"

நான் நான்கு நிமிடம் யோசித்தேன். எதிரே கடிகாரம் இருந்ததால் சரியாகத் தெரியும். 9.52 முதல் 9.56 வரை. ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. அண்ணாச்சி உண்மையாகவே 1994இல் குரங்கு போட்டவர் என்பதும் உண்மை. ஆனால் நாரணாபுரத்தில் ஒரு குடோன் நிறையப் பெட்டிகள் இந்த அட்டையை நீதிபதி நம்பியதால் நிற்கின்றன. நீதிபதி நம்பியது அதை நான் எழுந்து நின்று கொடுத்ததால். 9.56க்குப் பசைப் புட்டியை எடுத்துக் குமாஸ்தாவின் மேசையிலிருந்து என் மேசை இழுப்பறைக்கு மாற்றிப் பூட்டினேன்.

11.15க்கு அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. நன்றாகச் சாப்பிட்ட முகம்.

"வக்கீலம்மா, சாப்பிட்டீகளா? நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"உக்காருங்க அண்ணாச்சி. இந்தப் பெட்டி எப்ப அடிச்சது?"

"தொண்ணூத்தி நாலு."

"இந்தப் பெட்டி."

அண்ணாச்சி பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். மடிப்பு திறந்திருப்பதைப் பார்த்தார். கொஞ்சமும் கலங்கவில்லை.

"இதா? இது போன ஜூலைல அடிச்சது. ஆனா தொண்ணூத்தி நாலுப் பெட்டிதான்."

"எப்படி அண்ணாச்சி ரெண்டும் சரியாகும்?"

"வக்கீலம்மா, பழைய பெட்டி நாலு இருந்துச்சு. செதலு தின்னுருச்சு. நான் பொய் சொல்லல, அந்த மரப்பெட்டிய வேணும்னா வந்து பாருங்க. நீங்க பழசு வேணும்னீக. புதுசாக் குடுத்தா வாங்கிருப்பீகளா?"

"வாங்கியிருக்கமாட்டேன்."

"அதான் பழசாக் குடுத்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேட்ட பொருளைக் கேட்ட தேதியில் கேட்ட எண்ணிக்கையில் கொடுத்த ஒரு தொழிலதிபரின் திருப்தி இருந்தது.

"எப்படிப் பழசாச்சு?" என்று கேட்டேன். எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

"டீத்தண்ணில முக்கி மாடில வெயில்ல போட்டது. மொத தடவ கடையில வாங்குன டீ. சீனி கெடந்துருக்கு, சாயந்தரத்துக்குள்ள எறும்பு மொச்சுப் போச்சு. குரங்கே தெரியல, எறும்புதான் தெரிஞ்சுது. பெறகு வீட்டுல சீனி இல்லாமப் போட்டுக் குடுத்தாக. ஓரத்துக்கு உப்புத்தாள் வச்சு லேசா ஒரு தேய். அம்புட்டுதான்."

குமாஸ்தா எட்டிப் பார்த்து, "ஓரம் நல்லா வந்துருக்கு அண்ணாச்சி," என்றார். நான் அவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

நீதிமன்றத்தில் இதைச் சொல்லியாக வேண்டும் என்றேன். எத்தனை பெட்டி, எப்போது, எங்கே அடித்தது என்பதெல்லாம் தெளிவாக எழுத வேண்டும். அண்ணாச்சிக்கு எத்தனை என்பது நினைவில்லை. பகல் 12.10க்கு அவருடைய காரிலேயே பெட்டி அடித்த அச்சகத்துக்குப் போனோம்.

அச்சக உரிமையாளர் மை படிந்த கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். உள்ளே அடுத்த வருடக் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"வாங்க வக்கீலம்மா. காலைல உங்க ஆபீஸ்லேர்ந்து லேபிளுக்கு ரெண்டை அழுத்திருக்கீக. என்ன சைசு?"

"அது கை தவறி. அண்ணாச்சிக்குக் குரங்குப் பெட்டி எத்தனை அடிச்சீங்க?"

"ஆறு. நாலு எறும்புக்குப் போச்சு."

"மடிப்புக்குள்ள ஏன் இந்தக் கோடு?"

இந்தக் கேள்வி அவரைப் புண்படுத்திவிட்டது. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"நாங்க அடிக்கிற எந்த உருப்படியிலும் எங்க அடையாளம் இல்லாம வெளிய போகாது. பசைக்குள்ள மறைஞ்சுரும், பாக்க அசிங்கமா இருக்காது. ஆனா நாளப்பின்ன யாராவது வந்து இது யாரு வேலைன்னு கேட்டா, என் வேலைன்னு சொல்லணும்ல? தொழில்ல ஒரு நேர்மை வேணாமா?"

அந்தப் பெட்டி முழுவதிலும் உண்மை பேசிய ஒரே இடம் அந்த மடிப்புதான். நான் தலையாட்டினேன்.

"நாரணாபுரத்து மொதலாளிக்கும் அப்படித்தான் போட்டுருக்கோம்," என்றார்.

அண்ணாச்சியும் நானும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

"அவருக்கு என்ன அடிச்சீங்க?"

"அதே குரங்குதான். குடைய மடக்கி. கீழ எம்பத்தொம்பதுன்னு போடச் சொன்னாக. போன வெள்ளிக்கெழம வாங்கிட்டுப் போனாக. நாளைக்குக் கோர்ட்டுல குடுக்கணுமாம்." பிறகு தொழில் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினார். "அவுக டீ இல்ல. காப்பி."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "எம்பத்தொம்பதுல அவன் ஏழாங்கிளாசு. ட்ரவுசருக்கு ஊக்கு குத்திக்கிட்டுத் திரிஞ்சான். அவனுக்கு ஏதுய்யா குரங்கு?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆர்டர் வந்துச்சு, அடிச்சேன். உங்களுக்கு அடிச்சா அவுகளுக்கும் அடிக்கணும்ல, நாங்க நடுவுல உள்ளவுக."

"அப்ப எனக்கு எம்பத்தஞ்சு போட்டுருங்க."

அச்சக உரிமையாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "விரிச்ச குடையா?"

"விரிச்சதுதான். குரங்கு கொஞ்சம் எளசா இருக்கட்டும். எம்பத்தஞ்சுல்ல."

நான் கை நீட்டிப் பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

காரில் திரும்பி வரும்போது நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவர் எண்பத்தைந்து என்றால் அவர் எண்பது என்பார். இப்படியே போனால் தீபாவளிக்குள் குரங்கு வெள்ளைக்காரன் காலத்துக்குப் போய்விடும். தீப்பெட்டி வருவதற்கு முன்னாலேயே சிவகாசியில் குடை பிடித்த குரங்கு இருந்தது என்று ஒரு அட்டை வரும், அதுவும் மிக அழகாக இருக்கும். மற்ற ஊர்களில் பழைய காகிதம் என்றால் ஆதாரம். எங்கள் ஊரில் அது ஒரு ஆர்டர். எதை வேண்டுமானாலும் எந்த வயதில் வேண்டுமானாலும் அச்சடிக்கத் தெரிந்த ஊரில், நீதிமன்றம் கடைசியில் பிடித்துக்கொள்ள மனிதர்களின் வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். அதிலும் கறுப்புக் கோட்டுப் போட்டவர் சொன்னதை ஒரு படி கூடுதலாக நம்பும். நான் ஆவணம் 3-ஐக் கொடுத்தபோது நீதிபதி மடிப்பைப் பிரித்துப் பார்க்காததற்கு அதுதான் காரணம். மடிப்பை நான் பார்த்திருப்பேன் என்று நினைத்திருக்கிறார்.

வீட்டில் சாப்பிட்டுவிட்டு 2.30க்கு அண்ணாச்சி மறுபடி வந்தார். நான் அவருடைய வக்காலத்துத் தாளை எடுத்து மேசையில் வைத்திருந்தேன்.

"ரெண்டு வழிதான் அண்ணாச்சி. நாளைக்கு நாமளே போய் இந்தப் பெட்டி பழசு இல்ல, திரும்ப வாங்கிக்கிறோம்னு சொல்லணும். இல்லைன்னா நான் இந்த வழக்குலேர்ந்து விலகிக்கிறேன்."

"சொன்னா தடை போயிரும்."

"போயிரும்."

"மாப்ள லோடு பூரா கெளம்பிரும். சீசன் போச்சுன்னா போச்சு. கடைக்காரன் மடக்குன குடையா விரிச்ச குடையான்னா பாக்கப் போறான்? குரங்குன்னு கேட்டா குரங்கக் குடுத்துருவான். முப்பது வருசமா நான் சம்பாரிச்ச பேரு."

"தெரியும்."

"ஜட்ஜ் என்னயப் புடிச்சு உள்ள வச்சுருவாரா?"

"கோபப்படலாம். நடவடிக்கை எடுக்கச் சொல்லலாம். அப்படி நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். நாமளாப் போய்ச் சொன்னா கொஞ்சம் இரங்குவாங்க."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க என் வக்கீலா, கோர்ட்டு வக்கீலா?"

"ரெண்டும்தான். மொதல்ல கோர்ட்டுக்கு."

"இத மொதல்லயே சொல்லிருக்கணும்ல. நான் முழுசா என் வக்கீலப் பாத்துருப்பேன்ல."

குமாஸ்தா டீ கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி டம்ளரைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"சரி, மறைச்சிட்டோம்னே வைங்க," என்றேன். "விசாரணைக்கு வரும்போது நீங்க கூண்டுல ஏறி, இது தொண்ணூத்தி நாலுல அடிச்சதுன்னு சொல்லணும்."

"நானா?"

"நீங்கதான வழக்குப் போட்டிருக்கீங்க."

"நீங்க சொல்லுவீகன்னுல்ல இருந்தேன்."

"நான் பேசுறது வாதம். சாட்சி நீங்கதான். சத்தியம் பண்ணிட்டுச் சொல்லணும்."

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ள இருப்பானா?"

"எதிர்லதான் நிப்பாரு."

"தங்கச்சி?"

"வழக்கு அவங்க புருசன்மேல. வரலாம்."

வெளியே லாரி ஒன்று பின்னால் வந்து, நின்று, மறுபடி பின்னால் வந்தது. அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்:

"அது நடக்காது வக்கீலம்மா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்குப் பொய் சொல்ல வராது. சின்னப்பிள்ளேலேர்ந்தே அப்படித்தான். மிட்டாய எடுத்து ஒளிச்சு வச்சுருப்பேன். எங்கண்ணேன்னு வந்து நிப்பா. சிரிச்சுருவேன். இப்பயும் சிரிச்சுருவேன். கூண்டுல நின்னு சிரிச்சா அசிங்கமாப் போகும்."

"அபிடவிட்டுல கையெழுத்துப் போட்டீங்களே. அதுவும் சத்தியம்தான்."

"கையெழுத்து மூஞ்சியப் பாக்காதுல்ல."

முப்பது வருடமாகப் பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று கட்சிக்காரர்களிடம் பிரிவு எண்ணோடு விளக்கி வருகிறேன். ஒருவரும் அதைக் கேட்டு முகம் மாறியதில்லை. அன்றிலிருந்து முதலில் எதிர்த்தரப்பில் யார் உறவு என்று கேட்கிறேன்.

3.20க்குப் புது மனு எழுத உட்கார்ந்தோம். ஆவணம் 3 என்று தாக்கல் செய்யப்பட்ட பெட்டி 2023 ஜூலையில் அச்சடிக்கப்பட்டது. பழையதுபோலத் தெரியும்படி செய்யப்பட்டது. அதைத் திரும்பப் பெற அனுமதி வேண்டும். அதை நம்பிக் கொடுத்த தடையை நீக்குவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. கட்டாயம் எழுத வேண்டிய இன்னொரு வரியும் இருந்தது: வாதியின் வழக்கறிஞர் ஒட்டு மடிப்பைப் பிரித்துப் பார்க்கத் தவறிவிட்டார். இந்த வரியைக் குமாஸ்தா இரண்டு முறை தட்டச்சில் விட்டுவிட்டார். மூன்றாம் முறை நான் பக்கத்தில் நின்றேன்.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு இடத்தில்தான் ஆட்சேபம். "டீன்னு போடுங்க. சீனி, எறும்பு எல்லாம் வேணாம். வெளிய தெரிஞ்சா நல்லாருக்காது." எறும்பு வழக்குக்குத் தேவைப்படவில்லை என்பதால் விட்டுவிட்டேன். 5.20க்குக் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா ஒரு கணம் நின்றது. "தங்கச்சி மூஞ்சிய நெனச்சுக்கிட்டேன்," என்றார். "இப்பச் சிரிப்பு வரல."

6.00 மணிக்கு முன்னறையைப் பூட்டினேன். இரவு மூன்று தோசை. 9.30க்குப் படுத்தேன். அன்றைய பக்கம் அங்கே முடிகிறது.

மறுநாள் 13ஆம் தேதி, புதன்கிழமை. நீதிமன்றத்தில் முதல் வேலையாக, 10.30க்கு நீதிபதி வந்து அமர்ந்ததும், வழக்குகளைக் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து, ஒட்டு மடிப்புக்குள் கண்டதைச் சொல்லி அந்த மனுவைக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை வாசித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொருமுறை வாசித்தார். 'தேநீர்' என்று இருந்த இடத்தில் கண் நின்றது தெரிந்தது.

"வாதி வந்திருக்கிறாரா?"

அண்ணாச்சி முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"இந்தப் பெட்டி எப்போது அச்சடித்தது?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். கடைசிப் பெஞ்சில் கணவருக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"போன ஜூலைல ஐயா," என்றார். "தொண்ணூத்தி நாலுல போட்டது வேற. அது செதலு தின்னுருச்சு. அத நான் சத்தியமாச் சொல்லுவேன். இது புதுசு."

நீதிபதி அலுவலரிடம் ஆவணம் 3-ஐ எடுக்கச் சொன்னார். மடிப்பைப் பிரித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு நேரமும் இடமும் இருக்கிறது, எழுதப் போவதில்லை. 10.41க்குத் தடை நீக்கப்பட்டது. எங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இரண்டு வாரத்தில் விளக்கம் தர வேண்டும். குரங்கு யாருடையது என்ற வழக்கு, எந்தப் பெட்டியும் இல்லாமல், சாட்சிகளின் வாய்மொழியை வைத்து நடக்கும்.

அப்புறம் நீதிபதி எதிர்த்தரப்பு வக்கீல் பக்கம் திரும்பினார். "உங்கள் தரப்பில் இன்று ஒரு பழைய ஆவணம் தாக்கல் செய்யப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள்."

அந்த வக்கீல் என்னைவிட மூத்தவர், நிதானமானவர். அவருடைய கட்டின் மேல் பெட்டி ஒன்று தயாராக இருந்தது. என்னுடையதைவிடக் கொஞ்சம் கறுப்பு. நான் 'ஒட்டு மடிப்பு' என்று சொன்னதிலிருந்தே அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்து நின்றபடியே, நகத்தால் மடிப்பை மெதுவாக நெம்பினார். அது விட்டுக்கொண்டது. உள்ளே பார்த்தார். திரும்பிக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். நாரணாபுரத்து முதலாளி மனைவியின் கூடைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

வக்கீல் பெட்டியைத் தட்டையாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"தாக்கல் செய்ய எதுவும் இல்லை ஐயா," என்றார்.